ஒன்றுமே நடக்காத கடலோரக் கதைகள்

ஒருவர் என்னிடம் கேட்டது சுருக்கமாக இதுதான். வீட்டில் மனைவி ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கொரியாவின் கடலோரக் கிராமத்துத் தொடர் ஒன்றைப் பார்க்கிறார். சண்டை இல்லை, வில்லன் இல்லை, நாலு பாட்டிகள் உட்கார்ந்து கணவாய் கழுவுகிறார்கள், அதையும் ரசித்துப் பார்க்கிறார். இதில் அப்படி என்ன இருக்கிறது? பிடிக்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கலாம்? இப்படி ஒன்றைச் சிங்கப்பூரில் எடுக்க முடியுமா?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த வகைப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நானும் பாதியில் தூங்கிப்போனேன். இரண்டாம் தடவை முழித்துக்கொண்டு பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் ஊரே சேர்ந்து எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சிரிப்பு முழுக்க அந்த மௌனத்துக்குள்தான் இருக்கிறது. வசனத்தில் தேடினால் கிடைக்காது.

வாய் திறக்காததற்கு ஒரு காரணமும் உண்டு. முந்நூறு பேர் இருக்கிற ஊரில் இன்றைக்கு ஒருவரை அவமானப்படுத்திவிட்டால் நாளைக் காலை அதே ஆளிடம்தான் ரொட்டி வாங்கப் போகணும். அவர் படகில்தான் அக்கரைக்குப் போகணும். அதனால் வில்லன் என்கிற வேலைக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. இந்தக் கதைகளில் வருகிறவர்கள் ஒன்றும் ரொம்ப நல்லவர்கள் இல்லை, பேராசைக்காரர்கள்கூட உண்டு. ஆனால் முகத்தை முறித்துக்கொள்ள அவர்களுக்கு வசதியில்லை.

1983இல் வந்த ஸ்காட்லாந்துப் படம் 'லோக்கல் ஹீரோ'வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இயக்குநர் பில் ஃபோர்சைத், இசை மார்க் நாஃப்ளர். அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கிற எண்ணெய் நிறுவனம் ஒன்று சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்காக ஒரு மீனவக் கிராமத்தை மொத்தமாக விலைக்கு வாங்க ஆளை அனுப்புகிறது. நாம் எதிர்பார்ப்பது என்ன? ஊர் திரண்டு எதிர்க்கும், மண்ணின் பெருமையைப் பேசும், கடைசியில் நிறுவனம் தோற்கும். இங்கே நடப்பது நேர் எதிர். ஊர்க்காரர்கள் எல்லாரும் விற்கத் துடிக்கிறார்கள். எந்தக் கார் வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஆனால் ஆசையை வெளியே காட்டினால் விலை இறங்கிவிடுமே! அதனால் வந்தவர் முன்னால் பட்டும் படாமலும் நடந்துகொள்கிறார்கள். தேவாலயத்துக்குள் ரகசியக் கூட்டம் நடக்கும்போது வந்தவர் அந்தப் பக்கம் வர, பாதிரியார் வெளியே போய் அவரைப் பேச்சில் பிடித்துக்கொள்கிறார். பின்னணியில், தூரத்தில், மொத்த ஊரும் தேவாலயத்திலிருந்து ஓசைப்படாமல் வெளியேறி ஓடுகிறது. கேமரா அதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. நான் தூங்கிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே படத்தில் இன்னொரு காட்சி, சிங்கப்பூர்க்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். கடற்கரை மட்டும் ஒரு கிழவருக்குச் சொந்தம், அவர் மணலிலேயே குடிசை போட்டு வாழ்கிறார். எவ்வளவு பணம் சொன்னாலும் வேண்டாம் என்கிறார். பிறகு கை நிறைய மணலை அள்ளி, இதில் எத்தனை மணி இருக்கிறதோ அத்தனை பவுண்டு நோட்டு கொடுப்பாயா என்று கேட்கிறார். வந்தவர் பயந்துபோய் மறுத்துவிடுகிறார். கிழவர் சிரித்துக்கொண்டே, பத்தாயிரத்துக்கு மேல் இருக்காதே, விட்டுவிட்டாயே என்கிறார். பாருங்கள், மணலை விலைபோட்டு வாங்கி நாட்டை அகலமாக்கியவர்கள் நாம். 1966இல் கிழக்குக் கரையில் நிலமீட்பு தொடங்கியது. ஒரு காலத்தில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. பீச் ரோட்டில் போய் நின்றால் கடல் தெரியாது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது கட்டுமானத் தொழிலில் இருந்தவர்கள் பட்ட பாடு சிலருக்கு நினைவிருக்கும். அந்தக் கிழவரின் கணக்கு நமக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்?

ஒரு சின்னச் செய்தி. படத்தில் ஒரே ஊராகத் தெரிவது உண்மையில் ஒரே ஊர் இல்லை. வீடுகள் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கிற பென்னன் என்ற ஊரில் எடுத்தவை, வெள்ளை மணல் கடற்கரை எதிர்ப்பக்கம் மேற்குக் கரையில் எடுத்தது. வாசலில் ஒரு கடல், கொல்லையில் வேறு கடல். அப்படி ஓர் ஊர் பூமியில் கிடையாது.

கிராமம் என்றால் போதாதா, கடல் எதற்கு என்று கேட்கலாம். வயல் சூழ்ந்த ஊருக்கு நாலு பக்கமும் வழி இருக்கும். கடலோர ஊரில் சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது, வந்தவர் திரும்பிப் போக அதே ஒற்றை வழிதான். தீவு என்றால் அதுவும் படகுக்காரர் மனசு வைத்தால். அப்புறம், கடல் எதையாவது கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? 1941இல் எஸ்.எஸ். பொலிட்டிஷியன் என்ற சரக்குக் கப்பல் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவுக்குப் பக்கத்தில் தரைதட்டியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட விஸ்கி பாட்டில்கள். போர்க்காலம், தீவுகளில் விஸ்கிக்குப் பெரும் பஞ்சம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதை வைத்துக் காம்ப்டன் மெக்கன்சி நாவல் எழுத, 1949இல் 'விஸ்கி கலோர்' படமாக வந்தது. பக்கத்துத் தீவான பாராவிலேயே போய் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் ஒரு நிமிடத்துக்காக நான் முழுப் படத்தையும் திரும்பப் பார்ப்பேன். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது. ஊரே படகுகளோடு தயார். அந்த நேரத்தில் மணி பன்னிரண்டு அடிக்கிறது. சனிக்கிழமை முடிந்து ஞாயிறு பிறந்துவிட்டது. ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது. திருட்டும் வேலைதானே! ஆக, திருடக் கிளம்பிய கூட்டம் முழுவதும் படகைக் கரையில் விட்டுவிட்டு, கண்ணெதிரே கப்பல் அமிழ்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கிறது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. அவரவர் நாணயம் அவரவரைப் பிடித்து வைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் அமாவாசையன்று கவிச்சி தொடாமல் மறுநாள் விடிவதற்காகக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கவே வேண்டாம்.

நிஜத்தில் கதை அவ்வளவு மென்மையாக இல்லை. சுங்க அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், தீவுக்காரர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள், மிச்சமிருந்த கப்பலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். படம் எடுத்தவர்களுக்கு இதெல்லாம் எட்டாத செய்தி இல்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர்களும் ஊர்க்காரர்களைப் போலவே யோசித்திருக்கிறார்கள்.

இந்த வகைக் கதைகளில் ஏன் எப்போதும் ஒரு டாக்டர் வருகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஓடுவது 2021இல் வந்த 'ஹோம்டவுன் சா சா சா'வாக இருந்தால் (கணவாய், பாட்டிகள் என்று அடையாளம் சொன்னதால் அதுவாகத்தான் இருக்கும்) அதில் பல் டாக்டர். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போர்ட் ஐசக் என்ற ஊரில் எடுத்து, 2004 முதல் 2022 வரை பத்துப் பருவம் ஓடிய 'டாக் மார்ட்டின்' தொடரில் ரத்தத்தைக் கண்டால் குமட்டுகிற அறுவை சிகிச்சை நிபுணர். 2003இல் கனடாவின் கியூபெக்கில் எடுத்த 'லா கிராண்ட் செடுக்ஸியோன்' என்ற பிரெஞ்சு மொழிப் படத்தில் ஓர் ஊருக்கு டாக்டர் கிடைத்தால்தான் தொழிற்சாலை வரும். டாக்டருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். பணக்காரர், ஏழை, பேசாமல் இருக்கும் சகலைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். தவிர, தள்ளியிருக்கும் ஊர்களுக்கு டாக்டர் கிடைப்பது நிஜமாகவே பெரும்பாடு. சிரிப்புக்கு அடியில் அந்தக் கவலை இருக்கிறது.

அந்தக் கியூபெக் படம் தமிழர்களுக்குத் தனி விருந்து. வரப்போகிற டாக்டருக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்று தெரிகிறது. அந்த ஊரில் மட்டையைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. வெள்ளை உடை தைத்து, மைதானம் போட்டு, விதி ஒன்றும் தெரியாமலே பரம்பரைப் பரம்பரையாக ஆடுகிறவர்கள் மாதிரி ஆடுகிறார்கள். ரன் எடுத்தார்களா, அவுட் ஆனார்களா என்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் கைதட்டல் பலமாக இருக்கும். டாக்டரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டு அவருக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். யோசித்தால் இது கொடுமை, கேலி அல்ல. படமும் அதை மறைக்கவில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு வயிறு கலங்கத் தொடங்கும் இடம்தான் படத்தின் நல்ல பகுதி.

கொரியத் தொடருக்கு வருவோம். சியோலிலிருந்து வந்த பல் டாக்டர் ஊர்க்காரர்களைப் பற்றித் தோழியிடம் தொலைபேசியில் எரிச்சலாகப் பேசுகிறார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. ஊரே கேட்டுவிடுகிறது. அடுத்து என்ன? யாரும் சண்டைக்கு வரவில்லை. பல்வலியோடுகூட யாரும் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். ஊர் கோபப்படும் விதம் அது. அந்த ஊரில் எல்லா வேலையும் செய்கிற ஓர் இளைஞர், எதைச் செய்தாலும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மட்டும் வாங்குகிறார். 'லோக்கல் ஹீரோ'வில் ஒரே ஆள்தான் ஓட்டல் முதலாளி, சமையல்காரர், கணக்காளர். ஆள் குறைவான ஊரில் ஒருவரே நாலு தொப்பி போட வேண்டியிருக்கிறது என்பதால் இது கற்பனையும் இல்லை. அந்தத் தொடர் வந்த சமயம் கோவிட் காரணமாக இங்கே காப்பிக்கடையில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து உட்காரக்கூடாது என்று விதி இருந்தது. பத்துப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வம்பளப்பதைப் பார்க்க நமக்கு ஏன் அப்படி ஓர் ஏக்கம் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இது இல்லாமல் என் பதில் முழுமையாகாது.

அறுபதுகளில் நாங்கள் செம்பவாங் கடலோரக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. ஊருக்கு எழுதும் கடிதத்தில் அப்பா கொஞ்சம் கைதாராளம். கடல் பார்த்த சொந்த வீடு, உட்காரப் பிரம்பு நாற்காலி செட், பாட்டுக் கேட்க ரேடியோ. ஒருநாள் வேதாரண்யத்திலிருந்து அத்தை வீட்டுக்காரர், என் மாமா, ரஜுலா கப்பலில் புறப்பட்டுவிட்டதாகத் தந்தி வந்தது. வீடு வாடகை, உட்காருவது பாயில், ரேடியோ கிடையாது.

கம்பத்துக்கு விஷயம் தெரிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் தன் பிரம்பு நாற்காலிகளைக் கேட்காமலே கொண்டுவந்து போட்டார். கடைக்காரத் தௌக்கே தன் டிரான்சிஸ்டரைத் தந்தார். வாடகை வாங்க வரும் ஆளிடம் யார் சொன்னார்களோ, அந்த மாதம் அவர் வரவே இல்லை. மாமா வந்து மூன்று வாரம் இருந்தார். தௌக்கே தினமும் சாயங்காலம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, தன் ரேடியோவில் தன் சீனக் கதையைக் கேட்டுவிட்டுப் போவார். மக்சிக் வீட்டுப் பூனைக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அது வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து பாயில் உட்காருவார்.

கிளம்புகிற அன்று காலை மாமா கடைத்தெருவுக்குப் போய்வருவதாகச் சொன்னார். நானும் கூடப் போனேன். தௌக்கே கடையில் நாலு பேட்டரி வாங்கினார், காசு கொடுத்தார், அப்படியே பேட்டரியைத் தௌக்கே கையில் திரும்பக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. தௌக்கே வாங்கி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது அப்பா, "சரி, பள்ளிக்கூடம் கிளம்பு" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குப் போன கடிதங்களில் ரேடியோ வரவில்லை.

இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த இழுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

சரி, கடலும் சிரிப்பும் தமிழுக்குப் புதுசா என்றால், ஒரு வகையில் ஆமாம். இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், கடலோர நிலமான நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல், அதாவது ஏங்கி வருந்துவது. பொழுது சாய்கிற நேரம், திரும்பி வராத தேர், காத்திருக்கும் பெண். நம் சினிமாவும் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் போயிருக்கிறது. கடல் என்றால் புயல், காணாமற்போன படகு, கரையில் அழுகிற தாய். 1986இல் பாரதிராஜா முட்டத்தில் எடுத்த 'கடலோரக் கவிதைகள்' படத்தின் முன்பாதி ஒரு நல்ல விலக்கு. ஊர் ரவுடி புதிதாக வந்த டீச்சரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகிற இடமெல்லாம் நான் மேலே சொன்ன ரகம்தான். பின்பாதியில் நெய்தல் தன் வேலையைக் காட்டிவிடுகிறது.

ஆனால் நற்றிணையில் 172ஆம் பாட்டு இருக்கிறதே! மணலில் விளையாடும்போது பெண்கள் ஒரு புன்னை விதையைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மாவோ, "இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குச் சகோதரி" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதனால், வந்து நிற்கிற காதலனிடம் தோழி சொல்கிறாள்: இந்த மரத்தின் முன்னால் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, நிழலுக்கு வேறு மரங்கள் இருக்கின்றன. அவளுக்கு நிஜமாகவே மரத்திடம் வெட்கமா? இப்படி ஒளிந்து ஒளிந்து வராதே, கல்யாணத்துக்கு வழியைப் பார் என்பதை அவள் அப்படிச் சொல்கிறாள். அவனுக்கும் புரிந்திருக்கும். முகமும் முறியவில்லை, சொல்ல வேண்டியதும் சொல்லியாயிற்று. கடலோர மென்னகை நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிறது, நடுவில் கைமறதியாக எங்கோ வைத்துவிட்டோம்.

எனக்கு ஒத்துவராத படமும் ஒன்று உண்டு. 1998இல் வந்த 'வேக்கிங் நெட்'. லாட்டரியில் பெருந்தொகை விழுந்த அதிர்ச்சியில் ஒரு கிழவர் இறந்துபோகிறார், அவர் உயிரோடிருப்பதாகக் காட்டி ஊரே பணத்தைப் பங்குபோடப் பார்க்கிறது. அயர்லாந்துக் கதை, எடுத்தது ஐல் ஆஃப் மேன் தீவில். முக்கிய வேடத்தில் வரும் கிழவர்கள் இருவரும் அபாரம். ஆனால் காட்டிக்கொடுக்கக் கிளம்பிய ஒரு பெண்ணைத் தொலைபேசிக் கூண்டோடு மலையுச்சியிலிருந்து கடலுக்குள் தள்ளிவிட்டுச் சிரிக்கச் சொல்கிறது படம். விபத்துதான், இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. நாளைக் காலை அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிராதபடி கதை குறுக்கு வழியில் தப்பித்துக்கொள்கிறது. பலர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? பொறுமை குறைவென்றால் கிரிக்கெட் படம். கறுப்பு வெள்ளை பிரச்சினை இல்லையென்றால் விஸ்கிப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'லோக்கல் ஹீரோ'வை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்க்காதீர்கள், என் அனுபவம். கொரியத் தொடர் பதினாறு பகுதி. நடுவில் போய் உட்கார்ந்து "இவர் யார், அவர் யார்" என்று கேட்டால் வீட்டில் அமைதி கெடும். முதல் பகுதியிலிருந்து தனியாகப் பார்த்து, மனைவி பார்த்த இடம்வரை எட்டிப்பிடித்து, பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி பக்கத்தில் உட்காருங்கள்.

சிங்கப்பூரில் எடுக்க முடியுமா என்பது கடினமான கேள்வி. ஊர் வேண்டும், அது கடலோரமாக வேண்டும், வழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். புலாவ் உபின் தீவு நினைவுக்கு வரும், வந்தால் தப்பில்லை. ஆனால் அங்கே இப்போது மிஞ்சியிருப்பது சில குடும்பங்கள்தான், வார இறுதியில் வாடகைச் சைக்கிள் கூட்டம். நான் எழுதுவதாக இருந்தால் கதையைத் தீவில் வைக்கமாட்டேன், சாங்கி முனைப் படகுத்துறையிலேயே வைத்துவிடுவேன். பம்போட் என்கிற சிறு படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அவசரமென்றால் மீதி இருக்கைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கலாம், தலைக்கு 4 வெள்ளி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போயிருந்தேன். பதினொரு பேர் சேர்ந்துவிட்டோம். ஒரே ஒருவர் வர வேண்டும். இன்னும் நாலு வெள்ளி போட்டால் கிளம்பிவிடலாம், பதினொரு பேருக்கும் அது தெரியும். படகுக்காரர் தூணில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி கடலைப் பார்த்தார். இரண்டு மாணவர்கள் சைக்கிள் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். இருபத்தைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.